பாலத்தின் கண் வழியே படகு: பலகையில் எழுதியிருக்கும் உயரத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி: ஆற்றுவழி

அனைவருக்கும் வணக்கம். பயணிகளை ஏற்றிச் செல்லும் இயந்திரப் படகு ஒன்றின் பொறுப்பை அண்மையில் ஏற்றிருக்கிறேன். படகின் நீளம் 20 மீட்டர், அகலம் 5 மீட்டர். மேல்தளத்தில் திறந்தவெளி இருக்கைகள் உள்ளன. நாங்கள் செல்லும் நீர்வழியில் நான்கு சாலைப் பாலங்கள் குறுக்கிடுகின்றன. அவற்றில் மூன்று நல்ல உயரமானவை. நான்காவது, பல கண்கள் (தூண்களுக்கு இடையே உள்ள திறப்புகள்) கொண்ட பழைய வளைவுப் பாலம். படகுகள் செல்லும் கண்ணின் முகப்பில் 6 மீட்டர் என்று எழுதிய பலகை உள்ளது. எங்கள் படகின் ஆவணத்தில், நீர்மட்டத்திலிருந்து உச்சி வரையிலான உயரம் 5.2 மீட்டர் என்று குறிப்பிடப்பட்டிருக்கிறது.

கழித்துப் பார்த்தால் 80 சென்டிமீட்டர் மிச்சம் இருக்கிறது. அது தாராளம் என்றே உடன் பணிபுரிகிறவர்கள் சொல்கிறார்கள். ஆனால் மழைக்காலத்தில் நீர் ஏறும்போது அந்த 80 சென்டிமீட்டரில் எவ்வளவு எஞ்சும் என்று கேட்டால் ஆளுக்கொரு விடை வருகிறது. ஒருவர் கண்ணால் பார்த்து மெதுவாகப் போனால் போதும் என்கிறார். மற்றொருவர் அடித்தளத் தொட்டியில் நீரை நிரப்பிப் படகைத் தாழ்த்திக்கொள்ளலாம் என்கிறார். பயணிகளின் உயிர் சார்ந்த விஷயத்தில் ஊகத்தை நம்பிச் செயல்பட எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்தக் கணக்கை முறையாகப் போடுவது எப்படி என்பதையும், எந்த நிலையில் பயணத்தையே நிறுத்திவிட வேண்டும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1: சுக்கான்பிடி

வணக்கம். கேள்வியைச் சரியான இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். அந்த 80 சென்டிமீட்டர் என்பது இரண்டு எண்களின் வித்தியாசம் மட்டுமே. அந்த இரண்டு எண்களும் இன்றைய நிலவரத்தைச் சொல்கின்றனவா என்பதுதான் கேள்வி. பாலத்தின் பக்கத்து எண்ணைப் பற்றிப் பொறியாளர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். படகின் பக்கத்து எண்ணைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

ஆவணத்தில் உள்ள 5.2 மீட்டரை முதலில் ஓரமாக வைத்துவிட்டு, நீங்களே அளந்து பாருங்கள். காற்றில்லாத ஒரு காலைப் பொழுதில், அசையாத நீரில், பயணிகள் எவரும் ஏறாத நிலையில், எரிபொருள் தொட்டியும் குடிநீர்த் தொட்டியும் பாதிக்குக் கீழே இருக்கும்போது அளக்க வேண்டும். ஏனெனில் பாரம் குறையக் குறையப் படகு நீரிலிருந்து மேலெழும்பும். காலிப் படகுதான் உயரமான படகு. சரக்குத் தோணிகள் இந்த வகையில்தான் பாலத்தில் அடிபடுகின்றன: பாரத்தோடு தாராளமாக நுழைந்த அதே கண்ணில், சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மேற்கூரை உரசும். உங்கள் படகின் அளவுக்கு 50 பயணிகள் இறங்கினால் நான்கைந்து சென்டிமீட்டர்தான் எழும்பும் என்று கணக்கிடுகிறேன். அது சிறிய தொகைதான். ஆனால் அத்தனை பேரும் பின்பக்கத்தில் கூடி நின்றால் முன்பக்கம் தனியாகத் தூக்கிக்கொள்ளும். அது அந்த நான்கைந்து சென்டிமீட்டரைவிடப் பெரிதாகவே இருக்கலாம்.

அடுத்து, எதை உச்சி என்று எடுத்துக்கொண்டு 5.2 மீட்டர் என்று எழுதினார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அது சுக்கான் அறையின் கூரையாக இருக்கும். அதற்கு மேலே வானொலி ஆன்டெனா, விளக்குக் கம்பம், கொடிக்கம்பு, பிற்காலத்தில் யாரோ பொருத்திய கேமரா எல்லாம் இருக்கும்; இவற்றில் எதுவும் பழைய ஆவணத்தில் ஏறியிருக்காது. அளவு நாடாவின் நுனியில் ஒரு சிறு எடையைக் கட்டி, இருப்பதிலேயே உயரமான முனையிலிருந்து நீர் தொடும் வரை இறக்கி அளந்து, அந்த எண்ணைச் சுக்கான் சக்கரத்துக்கு முன்னால் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். மடக்கக்கூடிய கம்பமாக இருந்தால், மடக்கியபோது ஒன்று, நிமிர்த்தியபோது ஒன்று என இரண்டு எண்கள் வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது உங்கள் மேல்தளம். அதன் தரை நீர்மட்டத்திலிருந்து 3.2 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அமர்ந்திருக்கும் பயணியால் பிரச்சினை இல்லை. அவர் எழுந்து நின்று, பாலத்தைப் படம் பிடிக்கக் கைப்பேசியை உயர்த்தினால், அந்தக் கை நீர்மட்டத்திலிருந்து 5.4 மீட்டரில் இருக்கும். அதாவது, ஆவணம் சொல்லும் உச்சியை அந்தக் கை தாண்டிவிடும். மேலும், பாலம் நெருங்கும்போதுதான் பயணிகள் எழுந்து நிற்பார்கள். அது மனித இயல்பு. ஆகவே பாலத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே மேல்தளத்தில் ஒரு பணியாளர் ஏறி நின்று, அனைவரும் அமர்ந்துவிட்டனர் என்று சுக்கான் அறைக்குச் சொன்ன பிறகே படகு கண்ணுக்குள் நுழைய வேண்டும். ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டு அதோடு விட்டுவிடுவதை நான் ஏற்க மாட்டேன்.

மறுமொழி 2: தூணடி

நான் பாலக் கட்டுமானத்தில் பணிபுரிகிறவன். பலகையில் உள்ள 6 மீட்டர் எந்த நீர்மட்டத்திலிருந்து அளக்கப்பட்டது என்பதை நீங்கள் கேட்டறிய வேண்டும். இது சம்பிரதாயக் கேள்வி அன்று. உங்கள் கணக்கு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

பாலத்தின் அடியில் உள்ள இடைவெளி நீர்மட்டத்தோடு ஏறி இறங்குவதால், ஏதாவது ஒரு மட்டத்தை அடிப்படையாக வைத்துத்தான் அதை எண்ணாக எழுத முடியும். அந்த அடிப்படை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், ஏறி இறங்கும் நீர்நிலைகளில், அமெரிக்க வரைபடங்கள் சராசரி உயர் ஓத மட்டத்திலிருந்து அளக்கின்றன. பிரிட்டன் உள்ளிட்ட பல நாடுகளின் இன்றைய வரைபடங்கள், வானியல் கணக்கின்படி ஓதம் எட்டக்கூடிய மிக உயர்ந்த மட்டத்திலிருந்து அளக்கின்றன. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. சராசரி என்று சொல்லும்போதே, உயர் ஓதங்களில் ஏறக்குறைய பாதி அந்த மட்டத்தைத் தாண்டிப் போகும் என்றுதான் பொருள். அந்த நேரங்களில் பலகையில் எழுதிய இடைவெளி உங்களுக்குக் கிடைக்காது. வானியல் கணக்கின்படியான மிக உயர்ந்த மட்டத்தை எடுத்துக்கொண்டாலும், புயலால் பெருகும் நீரும் ஆற்றில் இறங்கும் வெள்ளமும் அந்தக் கணக்கில் சேராதவை. ஓதமில்லாத ஆறுகளில், ரைன் நதியில் இருப்பதைப் போல, இதற்கு மேல் நீர் ஏறினால் கப்பல் போக்குவரத்தையே நிறுத்திவிடுவது என்று ஒரு மட்டத்தை வகுத்து, அதிலிருந்து அளப்பார்கள். இந்த முறையில்தான் படகோட்டிக்கு மிகுந்த பாதுகாப்பு இருக்கிறது. போக்குவரத்து அனுமதிக்கப்பட்ட எந்த நாளிலும் எழுதிய அளவுக்குக் குறையாமல் இடைவெளி இருக்கும்.

உங்கள் பாலத்தில் அளவுகோல் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். நான் சொல்வது முகப்பில் உள்ள ஒற்றை எண்ணை அன்று. தூணின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக வரிசையாக எண்கள் எழுதிய பலகையை. சில இடங்களில் அந்த எண்கள் கீழே போகப் போகப் பெரிதாகிக்கொண்டே போகும். முதன்முறை பார்க்கிறவர்கள் தலைகீழாக எழுதிவிட்டார்களோ என்று நினைப்பதுண்டு. அவை நீரின் ஆழத்தைச் சொல்வதில்லை. நீர் தொட்டுக்கொண்டிருக்கும் எண்தான் அந்தக் கணத்தில் பாலத்தின் அடிக்கும் நீருக்கும் இடையே உள்ள உயரம். நீர் இறங்கினால் இடைவெளி கூடுகிறது, ஆகவே கீழே பெரிய எண். இதைப் படிக்கும்போது அலையின் முகடு தொடும் எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். முகட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சராசரியை எடுத்துக்கொள்ளும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பாசியும் சேறும் படிந்து எண்கள் மறைந்திருந்தால் பாலத்துக்குப் பொறுப்பான துறைக்கு எழுதித் துடைக்கச் செய்யுங்கள். வெள்ளக் காலத்தில் தூண்கள் நீரை மறிப்பதால், பாலத்தின் மேல்பக்கத்தில், அதாவது நீர் வந்து சேரும் பக்கத்தில், நீர் சற்றுத் தேங்கி உயர்ந்து நிற்கும், கீழ்ப்பக்கத்தில் தாழ்ந்திருக்கும். எனவே மேல்பக்க அளவையே நம்புங்கள். உங்கள் படகுத்துறையில் உள்ள அளவுகோலைப் பார்த்துவிட்டுப் பாலத்தடியிலும் அதே அளவுதான் நீர் ஏறியிருக்கும் என்று முடிவுகட்டாதீர்கள்.

வளைவுப் பாலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 6 மீட்டர் என்பது வளைவின் உச்சிக்கு நேர் கீழே மட்டும் கிடைக்கும் உயரமா, அல்லது இரு பக்கமும் குறியிட்ட ஓர் அகலம் முழுவதற்கும் கிடைக்கும் உயரமா என்பதையும் கேளுங்கள். ஓர் எடுத்துக்காட்டுக்கு, கண்ணின் அகலம் 24 மீட்டர் என்றும், வளைவின் எழுச்சி (வளைவு தொடங்கும் இடத்திலிருந்து உச்சி வரையிலான உயரம்) 4 மீட்டர் என்றும் கொண்டால், நடுவிலிருந்து 2.5 மீட்டர் விலகும்போது சுமார் 17 சென்டிமீட்டர் குறையும். 5 மீட்டர் விலகினால் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் போய்விடும். உங்கள் 80 சென்டிமீட்டரில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிட்டது. நீர் ஒரு விரற்கடை அளவுகூட ஏற வேண்டியதில்லை.

ஐரோப்பியப் போக்குவரத்து அமைச்சர்கள் மாநாடு 1992-இல் வகுத்த நீர்வழி வகைப்பாட்டில், கொள்கலன்களை இரண்டடுக்கு, மூன்றடுக்கு, நான்கடுக்காக ஏற்றிச் செல்லும் கலங்களுக்குப் பாலத்தடி உயரம் முறையே 5.25, 7.00, 9.10 மீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். கலத்தின் உச்சிக்கும் பாலத்தின் அடிக்கும் நடுவே சுமார் 30 சென்டிமீட்டர் பாதுகாப்பு இடைவெளியும் அதில் அடங்கும். சமதளமான அடிப்பகுதி கொண்ட பாலத்துக்கு, பயிற்சி பெற்ற சரக்குக் கலப் பணியாளர்களுக்கு என்று நினைத்து வைத்த அளவு அது. வளைவுப் பாலத்துக்கு, திறந்த மேல்தளத்தில் பயணிகளை வைத்துக்கொண்டு போகும் படகுக்கு, அதைப்போல் இரு மடங்குக்குக் குறைந்து நான் ஒப்புதல் தர மாட்டேன். இது என் சொந்தக் கருத்து, விதி அன்று.

மறுமொழி 3: பாய்மரக்காரன்

நண்பர்கள் சற்று மிகையாக அஞ்சுகிறார்கள் என்று தோன்றுகிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரையோர உள்நாட்டு நீர்வழியில், திறக்க முடியாத பாலங்களுக்கு 65 அடி, அதாவது 19.8 மீட்டர் உயரம் என்பது பொதுவான அளவு. அதைவிடச் சற்று உயரமான பாய்மரம் கொண்டவர்கள்கூட, நீர் நிரப்பிய பைகளை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டுப் படகைச் சாய்த்து, அப்படியே பாலத்தைக் கடந்து போகிறார்கள். 20 மீட்டர் பாய்மரத்தை 20 பாகை சாய்த்தால் 1.2 மீட்டர் உயரம் குறைந்துவிடும். உங்கள் பணியாளர் சொன்ன தொட்டி யோசனையும் அதே வகைதான். நீரை நிரப்பி 20 சென்டிமீட்டர் தாழ்த்திக்கொண்டு மெதுவாகப் போக வேண்டியதுதானே?

மறுமொழி 4: சுக்கான்பிடி

பாய்மரக்காரன் அவர்கள் சொன்ன கணக்கு சரியே. ஆனால் அது அவருடைய படகுக்கான கணக்கு. பாய்மரப் படகின் அடியில் கனத்த அடிக்கட்டை இருக்கிறது, சாய்ந்தாலும் நிமிர்ந்துவிடும், அதில் இருப்பவர்களும் தெரிந்தே அந்த முயற்சியில் இறங்கியவர்கள். மேல்தளத்தில் பயணிகள் அமர்ந்திருக்கும் தட்டையடிப் படகைச் சாய்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அகலமான கூரை சாயும்போது ஒரு விளிம்பு தாழ, மறு விளிம்பு உயரும். உயரம் குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடும்.

நீர் நிரப்பித் தாழ்த்துவது வேறு விஷயம். சரக்குக் கலங்கள் அதை முறைப்படி செய்கின்றன. மேலே குறிப்பிட்ட ஐரோப்பிய வகைப்பாட்டிலேயே, காலிக் கொள்கலன்கள் மிகுதியாக இருந்தால் எடைநீர் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்ற கருத்து அடங்கியிருக்கிறது. ஆனால் அதற்கென்று வடிவமைத்த தொட்டிகள் அவற்றில் உண்டு. பாதி நிரம்பிய தொட்டியில் நீர் பக்கத்துக்குப் பக்கம் ஓடிப் படகின் நிலைத்தன்மையைக் கெடுக்கும். உங்கள் படகை 20 சென்டிமீட்டர் தாழ்த்த ஏறத்தாழ 16 டன் நீர் வேண்டும். அந்த எடையை ஏற்றிய பிறகு எத்தனை பயணிகளை ஏற்ற உங்களுக்கு உரிமம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 20 சென்டிமீட்டர் தாழ்த்தினால்தான் பாலத்தைக் கடக்க முடியும் என்ற நாளில் கரையிலேயே இருந்துவிடுவது மேல்.

மெதுவாகப் போவதைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். நீரோட்டம் இல்லாத இடத்தில் மெதுவாகப் போவது பாதுகாப்பு. நீரோட்டத்தோடு பாலத்தை நோக்கி இறங்கும்போது அளவுக்கு மீறி மெதுவாகப் போனால் சுக்கான் பேச்சைக் கேட்காது. படகு போகும் இடத்தை ஆறுதான் தீர்மானிக்கும். தூண்கள் ஆற்றின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டால், கண்களுக்குள் நீரின் வேகம் சராசரியாக நான்கில் ஒரு பங்கு கூடும். படகைத் தள்ளும் விசையோ வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால், ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். தூணுக்கு அடுத்தாற்போல் சுழி இருக்கும். பக்கக் காற்றையோ குறுக்கு நீரோட்டத்தையோ ஈடுகட்ட நீங்கள் 10 பாகை திருப்பிப் பிடித்துக்கொண்டு போனால், 5 மீட்டர் அகலப் படகு 8 மீட்டருக்கு மேல் இடம் கேட்கும். தூணடி அவர்கள் சொன்ன வளைவின் சரிவை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

எனவே முடிவெடுக்கும் இடம் பாலத்தடி அன்று. நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் ஓடும் ஆற்றில், இயந்திரம் நின்றுபோன படகு ஒரு நிமிடத்தில் 90 மீட்டர் பாலத்தை நோக்கி இழுத்துச் செல்லப்படும். படகைத் திருப்பி நீரோட்டத்துக்கு எதிராக நிறுத்த உங்களுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று திறந்த நீரில் சோதித்துப் பார்த்து, அந்த நேரத்தில் படகு இழுபடும் தூரத்தைப் போல் இரண்டு பங்கு மேலே, கரையில் ஓர் அடையாளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அளவுகோல் தெளிவாகத் தெரியவில்லை, எதிரே படகு வருகிறது, மேல்தளத்தில் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார் என்று எது குறையாக இருந்தாலும், அந்த அடையாளத்தைத் தாண்டுவதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும். அதற்குப் பின் திரும்ப முயல்வதுதான் படகைத் தூணின் மேல் குறுக்காகப் போட்டுவிடும்.

2025 மே 17 அன்று நியூயார்க்கில் நிகழ்ந்ததை நினைத்துப் பாருங்கள். மெக்சிகோ கடற்படையின் பயிற்சிப் பாய்மரக்கப்பலான குவாட்டமொக், புரூக்ளின் பாலத்தின் கீழ் போகவே திட்டமிட்டிருக்கவில்லை. துறையை விட்டுப் புறப்பட்டவுடன் பின்னோக்கியே நகர்ந்து, நீரோட்டமும் சேர்ந்து தள்ள, பாலத்தில் பாய்மரங்கள் மோதி முறிந்தன. பணியாளர் இருவர் இறந்தனர். பாலத்துக்கு மேல்நீரில் துறை இருக்கிறதென்றால், பாலத்தைக் கடக்காத படகுக்கும் அந்தப் பாலம் ஓர் ஆபத்துதான்.

ஆற்றுவழி மீண்டும்

விரிவான விளக்கங்களுக்கு மிக்க நன்றி. நேற்று அளந்தோம். ஆன்டெனாவின் நுனி வரை 5.65 மீட்டர் வந்தது, மடக்கினால் 5.3 மீட்டர். பாலத் தூணில் அளவுகோல் பலகை இருக்கிறது, ஆனால் கீழ்ப்பாதி பாசியில் மறைந்திருக்கிறது. துறைக்குக் கடிதம் எழுதிவிட்டோம். இன்னும் இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. மாலைப் பயணம் முடிந்து திரும்பும்போது இருட்டிவிடுகிறது. இரவில் சரியான கண்ணை அடையாளம் காண்பது எப்படி? எதிரெதிராக இரு படகுகள் வந்தால் யார் நிற்க வேண்டும்?

மறுமொழி 5: இரவுக்காவல்

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். ஐரோப்பிய உள்நாட்டு நீர்வழி விதிகளிலும், அமெரிக்காவின் பெரிய ஆறுகளுக்கான விதிகளிலும் அடிப்படை ஒன்றுதான்: நீரோட்டத்தோடு இறங்கி வரும் கலத்துக்கு முன்னுரிமை, எதிர்த்து ஏறி வரும் கலம் காத்திருக்க வேண்டும். காரணம் எளிது. எதிர்த்து வருகிறவர் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தாலே நின்ற இடத்தில் நிற்கலாம். இறங்கி வருகிறவரால் அது முடியாது. ஆயினும் உங்கள் நீர்வழிக்குரிய விதியைத் தெரிந்துகொண்டு, பாலத்துக்கு முன்பே வானொலியில் பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆற்றின் வளைவுக்கு அப்பால் அல்லது பாலத்துக்கு அப்பால் எதிரே வருகிறவர் தெரியாத நிலையில், நான்கு முதல் ஆறு நொடி நீளும் ஒரு நெடிய ஒலியை எழுப்புவது சர்வதேச விதியிலேயே உள்ளது.

அடையாளங்களைப் பொறுத்தவரை, எந்த நாட்டுமுறை உங்கள் பாலத்தில் பின்பற்றப்படுகிறது என்று தெரியாமல் வண்ணங்களை நம்புவது ஆபத்து. ஐரோப்பிய ஆறுகளில் கண்ணுக்கு மேலே ஒற்றை மஞ்சள் சாய்சதுரம் இருந்தால் இரு திசையிலும் போகலாம். எதிரேயும் படகு வரக்கூடும். இரண்டு மஞ்சள் சாய்சதுரங்கள் இருந்தால், எதிர்த்திசையிலிருந்து எவரும் வரக் கூடாத ஒருவழிக் கண். சிவப்பு, வெள்ளை, சிவப்பு எனப் பட்டைகள் கொண்ட பலகை இருந்தால் அந்தக் கண்ணில் நுழையவே கூடாது. அமெரிக்காவில் இரவு நேரத்தில் தூண்களில் சிவப்பு விளக்கும், வழியின் நடுவுக்கு நேர் மேலே பச்சை விளக்கும் இருக்கும். பல கண்களில் முதன்மையான வழியைக் காட்ட மூன்று வெள்ளை விளக்குகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைப்பார்கள். மிதவைகளில் பழகிய ஒருவர் பச்சையை வழியின் ஓரம் என்று எண்ணிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கடல்வழி அடையாளங்களுக்கான சர்வதேச அமைப்பின் பரிந்துரையில், கடந்து செல்லச் சிறந்த இடத்தைச் சிவப்பு வெள்ளைச் செங்குத்துப் பட்டைகள் கொண்ட வட்டப் பலகையால் காட்டுகிறார்கள்.

இரவில் பாலத்தின் மேலே சாலை விளக்குகளும் வாகன விளக்குகளும் எரிவதால், கீழே உள்ள வழிகாட்டி விளக்குகள் அவற்றில் மங்கிப்போகும். பாலத்தை நெருங்குவதற்கு முன்பே சுக்கான் அறையின் விளக்குகளை அணைத்துக் கண்களை இருட்டுக்குப் பழக்குங்கள். ரேடாரை மட்டும் நம்பிப் பாலத்தின் கண்ணைத் தேர்ந்தெடுக்க முயலாதீர்கள். திரையில் பாலம் ஆற்றை அடைத்த ஒரு முழுக்கோடாகத் தெரியும். தூண்களையும் திறப்புகளையும் அது பிரித்துக் காட்டாது, போதாக்குறைக்கு இல்லாத படகுகளின் போலி உருவங்களும் தோன்றும். இருட்டில் மேல்தளத்தில் பயணிகளை வைத்துக்கொண்டு அந்த வளைவுப் பாலத்தைக் கடக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். பாலத்துக்கு முன்னதாக அவர்களைக் கீழ்த்தளத்துக்கு இறக்கிவிடுங்கள். சிலர் முணுமுணுப்பார்கள், முணுமுணுத்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று: பாலத்துக்கு அருகில் ஆற்றைக் கடக்கும் மின்கம்பிகள் இருக்கின்றனவா என்று பகலிலேயே பார்த்து வையுங்கள். வெயிலிலும் மின்சுமையிலும் கம்பி தொய்யும். உயர் அழுத்தக் கம்பியைத் தொட வேண்டியதுகூட இல்லை, ஆன்டெனா நெருங்கினாலே பாய்ந்துவிடும்.

மறுமொழி 6: தூணடி

ஆற்றுவழி அவர்களின் புதிய அளவுகளை வைத்து, பயணத்தை நிறுத்தும் மட்டத்தைச் சொல்லிவிடலாம். ஆன்டெனாவை மடக்கிய நிலையில் 5.3 மீட்டர், பயணிகள் எல்லோரும் அமர்ந்திருக்கிறார்கள் என்பது நிபந்தனை. பாதுகாப்பு இடைவெளியாக 60 சென்டிமீட்டர் சேர்த்தால் 5.9 மீட்டர். பாலத்தின் மேல்பக்க அளவுகோல் 5.9-க்குக் குறைவாகக் காட்டினால் அன்று அந்தப் பாலத்தைக் கடக்க வேண்டாம். ஆன்டெனாவை மடக்க மறந்துவிட்டால் அந்த 60-இல் 25 மட்டுமே எஞ்சும் என்பதையும் கவனியுங்கள். மடக்கியாயிற்று என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லி, மற்றவர் திரும்பச் சொல்லும் பழக்கம் வேண்டும். அதோடு, மேலே சொன்ன அளவு வளைவின் உச்சிக்கு நேர் கீழே போகும்போதுதான் பொருந்தும். காற்றோ குறுக்கு நீரோட்டமோ நடுக்கோட்டில் நிற்க விடாத நாளில், அளவுகோல் 6 மீட்டரைக் காட்டினாலும் போகாதீர்கள்.

பாலத்தில் பழுது பார்க்கும் வேலை தொடங்கினால் இந்த எண்கள் எதுவும் செல்லாது. சாரம், வலை, தொங்கு மேடை என்று அடியில் எதையாவது கட்டியிருப்பார்கள். ஒரு மீட்டர் உயரம் அதிலேயே போய்விடும். பழைய பாலத்தை இடித்த இடமானால், வெட்டி விட்ட தூண்களின் அடிப்பகுதி நீருக்கடியில் நிற்கக்கூடும். வெள்ளம் வடிந்த பிறகு ஆழமான வழி வேறு கண்ணுக்கு மாறியிருப்பதும், மரங்கள் தூணில் சிக்கி நிற்பதும் வழக்கம். எனவே பருவத்தின் முதல் பயணத்தைப் பயணிகள் இல்லாமல் சென்று பாருங்கள்.

பாலத்தின் பக்கம் நின்று ஒரு வேண்டுகோளும் உண்டு. 1975 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் லேக் இல்லவாரா என்ற சரக்குக் கப்பல் டாஸ்மன் பாலத்தின் தூண்களில் மோதியபோது, கப்பல் பணியாளர் எழுவரும், இடிந்த பகுதியிலிருந்து ஆற்றில் விழுந்த வாகனங்களில் இருந்த ஐவரும் இறந்தனர். அதன் பிறகு, பெரிய கப்பல் அடியில் கடக்கும்போது மேலே சாலைப் போக்குவரத்தை நிறுத்துகிறார்கள். 1980 மே மாதம் புளோரிடாவின் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தில் கப்பல் மோதி 35 பேர் இறந்தார்கள். 1987-இல் திறந்த புதிய பாலத்தின் தூண்களைச் சுற்றித் தடுப்பு அரண்களை நீருக்குள் எழுப்பியிருக்கிறார்கள். 2024 மார்ச் 26 அன்று பால்டிமோரில் மின்சாரம் இழந்த டாலி என்ற கப்பல் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தை வீழ்த்தியது. பாலத்தின் மேல் பழுது பார்த்துக்கொண்டிருந்த தொழிலாளர் அறுவர் இறந்தனர். ஆனால் கப்பலிலிருந்து வந்த அபாய அழைப்பைக் கேட்டு, மோதுவதற்கு முன்பே காவலர்கள் பாலத்துக்கு வரும் வாகனங்களை நிறுத்திவிட்டதால், பல உயிர்கள் தப்பின.

உங்கள் படகால் பாலம் விழாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், கட்டுப்பாடு இழந்தால் யாரை அழைக்க வேண்டும் என்ற வானொலி அலைவரிசையும், பாலத்துக்குப் பொறுப்பானவர்களின் தொலைபேசி எண்ணும் சுக்கான் அறையில் எழுதியிருக்க வேண்டும். பழைய வளைவின் ஒரு கல்லை உங்கள் கூரை உரசினாலும், மறைக்காமல் அன்றே தெரிவியுங்கள். நாங்கள் ஏறிப் பார்த்துச் சரிசெய்துவிடுவோம்.

மறுமொழி 7: சுக்கான்பிடி

தூணடி அவர்களின் 5.9 மீட்டர் எனக்கு உடன்பாடே. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பாலத்தை நெருங்குவதற்கு முன் நங்கூரத்தின் கட்டை அவிழ்த்து, உடனே இறக்கும் நிலையில் வைத்து, அதன் அருகில் ஓர் ஆளை நிறுத்துங்கள். பாலத்தின் மேல்பக்கத்தில் ஆற்றடியில் குழாயோ கம்பிவடமோ புதைத்திருப்பதாக அறிவிப்புப் பலகை இருந்தால் அங்கே நங்கூரம் போட முடியாது; அப்படிப்பட்ட இடமா என்பதை முன்கூட்டியே பார்த்து, கரையில் நீங்கள் குறித்த அடையாளத்தை அதற்கும் மேலே தள்ளி வையுங்கள்.